சத்தத்துக்கு வைத்த சலாம்

என்னிடம் ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் சட்டையைப் பார்ப்பார்கள், பிறகு செருப்பைப் பார்ப்பார்கள், பிறகு பேச்சை மாற்றுவார்கள். அவர்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பதை அந்தக் காரே கடைசிவரை நம்பவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே பெரிய கிளாக்கர். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கு அவர் 'பெரிய ஐயா'. அவரைப் பார்த்தால் கங்காணிகள் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார்கள். அவருடைய அப்பாவே ஒரு கங்காணிதான் என்பது எங்கள் வீட்டில் பேசக்கூடாத விஷயம். அலுவலகத்தில் நாற்காலி கிடைத்த பிறகு எங்கள் வம்சம் நாற்காலியிலேயே பிறந்தது என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட இங்கிலீஷில் கேட்போம். கிடைக்கிற உப்பு ஒன்றுதான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கார்ச் சத்தம் கேட்டால் ரோட்டில் நடக்கிறவர்கள் ஓரத்துக் கானில் இறங்கிவிட வேண்டும். கான் என்பது மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டோரம் வெட்டிய வாய்க்கால். தலைப்பாகை இருந்தால் அவிழ்க்க வேண்டும், குடை இருந்தால் மடக்க வேண்டும், மழை இருந்தால் நனைய வேண்டும். கண்ணைத் தாழ்த்திச் சலாம் வைக்க வேண்டும். துரை பதிலுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த வலது கையில் இரண்டு விரலை மட்டும் அரை அங்குலம் உயர்த்துவார். முழுக்கையையும் உயர்த்தினால் தோட்டம் கெட்டுவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மழை நாளில் அப்பாவோடு அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. பெரிய ஐயா குடையை மடக்கினார், தொப்பியைக் கக்கத்தில் வைத்தார், சப்பாத்தோடு கானில் இறங்கினார், என்னையும் இழுத்துக்கொண்டார். கார் போனது. அது வாரி அடித்த சேறு என் பள்ளிக்கூடச் சட்டையில் பாதியும் அப்பாவின் கோட்டில் பாதியுமாகப் பங்கிட்டுக்கொண்டது. அப்பா குடையை மறுபடி விரித்து, கண்ணாடியைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்கல் வாய்ப்பாட்டைக் கேட்கத் தொடங்கினார்.

விவரமுள்ள பையனாக இருந்தால் அந்த இடத்திலேயே புரட்சிக்காரனாகியிருப்பான். எனக்குத் தோன்றியது வேறு. ஒரு நாள் நான் காருக்குள் இருக்க வேண்டும், இவர்கள் எல்லாரும் கானில் இறங்க வேண்டும். 'எல்லாரும்' என்பதில் யார் யார் அடங்குவார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கணக்கில் நான் எப்போதுமே மட்டம்.

எனக்குப் பதினேழு நடக்கும்போது துரை சீமைக்குத் திரும்பிப் போனார். துரை போகிறார் என்றால் பங்களாச் சாமான்களை 'ஸ்டாப்' என்கிற உத்தியோகஸ்தர்களின் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு சடங்கு. கொடி மாறிப் பத்து வருடத்துக்கு மேலாகியும், துரை உட்கார்ந்து தேய்த்த நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோக எங்கள் ஐயாமார் முட்டி மோதிக்கொண்டார்கள். தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கருக்குக் கைப்பிடி இல்லாத கிராமபோன் கிடைத்தது. சின்னக் கிளாக்கர் ஒரு மான் தலையை வாங்கிப் போய் அதன் கொம்பில் சட்டை காயப்போட்டார். அப்பாவுக்கு, அவருடைய இருபது வருடச் சேவையை மெச்சி, துரை தன் காரையே கொடுத்தார்.

யுத்தத்துக்கு முன்னால் செய்த கார் அது. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். துரை மட்டுமே அதை ஓட்டினார், ஓட்டினார் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. ஒரு தடவை பாறையில் ஏற்றி அதன் சைலென்சரை உடைத்தவர் திரும்பப் போடவே இல்லை. அதனால் அந்தக் காரின் உறுமல் மூன்று மலைக்கு அந்தப் பக்கமே கேட்கும். கேட்டவுடன் கொழுந்து பறிக்கிற மலையில் கங்காணியின் குரல் உயரும், பெண்களின் கை வேகமாகும், நிழலில் சாய்ந்திருந்த கணக்கப்பிள்ளை எழுந்து நின்று ஏற்கனவே திட்டிக்கொண்டிருந்தவர்போல் திட்டத் தொடங்குவார். கடைசி மூன்று வருடம் அது எஞ்சின் இறுகிப்போய்ப் பங்களாவின் பழைய குதிரைக் கொட்டிலில் கோழிகளுக்கு வீடாக இருந்தது. துரை சத்தமில்லாத ஒரு பெட்டிக் காரில் போகத் தொடங்கியிருந்தார். புதிதாக வந்த துரையும் அதே மாதிரி ஒன்றில்தான் போனார்.

அப்பாவுக்கு அந்த இரும்பு வேண்டியிருக்கவில்லை. ஆனால் துரை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாரும் பழகியிருக்கவில்லை. எட்டு ஆட்கள் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டர்பன்டைன் மரத்தடியில் விட்டார்கள். ஒரு கோழியும் கூடவே வந்தது.

நான் அதை ஓட வைக்கிறேன் என்றேன். அப்பா, பரீட்சையை முடித்துவிட்டு எதையாவது செய் என்றார். நான் செய்த முதல் வேலை பரீட்சையை விட்டதுதான்.

எனக்கு ஒரு கூட்டாளி. ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மகன், என்னோடு படித்தவன். கார்களைப் பற்றி அவனுக்கு ஆசை எதுவும் கிடையாது. என்னைக் கேலி செய்ய ஒரு காரணம் கிடைக்கிறதே என்று சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருவான். வரும்போது அவன் வாப்பாவின் கடையிலிருந்து எனக்கு உபயோகப்படாத ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவான். எனக்கு வழிகாட்டி, பங்களாவில் சமைக்கிற அப்பு அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்த துரையின் பழைய மோட்டார்ச் சஞ்சிகைகள். பாதி எரிந்தவை. அதனால் என் மோட்டார் அறிவும் பாதிப் பக்கத்தோடு நின்றது.

இறுகின எஞ்சினுக்கு ஒரு வைத்தியம் போட்டிருந்தார்கள். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட வேண்டும். நான் மூன்று வாரம் ஊறவிட்டேன், பொறுமையால் அல்ல, பயத்தால். பிறகு கியரைப் போட்டு முன்னும் பின்னும் தள்ளினோம். ஒரு சனிக்கிழமை உள்ளே எதுவோ ஏப்பம் விட்டது. சக்கரம் உருண்டது. கூட்டாளி, "மச்சான், செத்தவன் காலு ஆடுது" என்றான்.

தரையும் பக்கவாட்டும் உளுத்திருந்தன. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளை வெட்டி அடைத்தேன். அவற்றில் தோட்டத்தின் முத்திரையும் தேயிலையின் தரமும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். மேலே பெயின்ட் பூசினால் மறையும் என்று நினைத்தேன். பந்தயக் காருக்குச் சிவப்பு வேண்டுமென்று ஆசை. ஸ்டோரில் கிடைத்தது லயத்துக் கக்கூஸ் கதவுகளுக்கு அடிக்கும் பச்சை. சஞ்சிகையின் எரியாத பக்கமொன்றில் சீமைப் பந்தயக் கார்கள் எல்லாம் பச்சை என்று படித்ததும் என் மனம் உடனே பச்சைக்கு மாறிவிட்டது. இரண்டு தடவை பூசியும் இடது கதவில் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இருக்கிற சரக்கின் தரம் வெளியிலேயே எழுதியிருக்கிற ஒரே ஸ்போர்ட்ஸ் கார் அதுவாகத்தான் இருக்கும்.

இருக்கைகளுக்குத் தேங்காய் நார் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கிய தேயிலைக் கழிவு மலையாகக் கிடந்தது. இரண்டு சாக்கில் அள்ளி வந்து, அழுத்தித் திணித்து, மேலே சாக்குத் துணி வைத்துத் தைத்தேன். வெயிலில் அருமையான இருக்கை. அக்கரப்பத்தனையில் வெயில் என்பது விருந்தாளி. மழை விழுந்தால் இருக்கை ஊறி, என் காற்சட்டையில் நல்ல கடும் சாயம் இறங்கும். இப்படி உட்கார்ந்து தேநீர் தயாரித்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அடுத்தது திருத்தங்கள். பழுதுபார்ப்பதோடு நின்றிருந்தால் அது ஒரு பழைய காராகவாவது இருந்திருக்கும். காற்றுத் தடுக்கும் என்று முன்கண்ணாடியைக் கழற்றினேன். பாரம் என்று மட்காட்டுகளைக் கழற்றினேன். அதன்பிறகு முன்சக்கரம் வாரும் சேறு முழுவதும் ஓட்டுகிறவனின் வாய்க்கு நேராக வந்தது. பத்து வயதில் ரோட்டோரம் நின்று வாங்கியதை இப்போது உள்ளே உட்கார்ந்து வாங்கினேன். கார் தாழ்வாக இருந்தால்தான் அழகு என்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்தேன். தோட்டத்து ரோட்டில் துருத்தியிருந்த கல் ஒவ்வொன்றும் எஞ்சினின் அடிவயிற்றைத் தொட்டு விசாரித்தது. பிரேக் கம்பிகள் இழுபட்டுத் தளர்ந்திருந்தன. கூட்டாளி ஒரு மாலை முழுவதும் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"ஏத்தத்துல போகாது, எறக்கத்துல நிக்காது. மட்டமான ரோடு இந்த ஊர்ல எங்கயும் இல்ல. நீ இத எங்க ஓட்டப் போற, மச்சான்?"

சைலென்சர்தான் அவன் கொண்டுவந்தவற்றில் உபயோகமான ஒரே சாமான். எங்கேயோ உடைந்து கிடந்த லொறியில் கழற்றியது. அதைப் பூட்டியதும் கார் ஆஸ்த்மாக்காரரைப்போல் மெதுவாக மூச்சுவிட்டது. வீட்டு முற்றத்தில் அப்பா கேட்டதெல்லாம் அந்த மூச்சைத்தான். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓடுதா?" என்றார். ஓடுகிறது என்றேன். அவ்வளவுதான்.

பிறகு பாதி எரிந்த இன்னொரு பக்கத்தில், சைலென்சர் எஞ்சினின் பலத்தைத் தின்னும் என்று படித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா அலுவலகத்தில் இருந்தபோது, அதைக் கழற்றி வேலிக்குக் கீழே தேயிலைக்குள் எறிந்தேன். பள்ளிக்கூட விடுமுறை; கூட்டாளியும் வந்திருந்தான். எஞ்சினைக் கிளப்பினேன்.

அந்தச் சத்தம் மூன்று வருடத்துக்குப் பிறகு மலைக்குத் திரும்பி வந்தது.

நாங்கள் ரோட்டுக்கு ஏறி முதல் முடக்குத் திரும்பினோம். மேலே கொழுந்து மலையில் கங்காணியின் குரல் திடீரென்று உயர்ந்தது. கூடையோடு நின்று கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் செடிக்குள் குனிந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலைத்துண்டை உருவிக்கொண்டு கானில் குதித்தார்; ஆடுகள் ரோட்டிலேயே நின்றன, அவற்றுக்குத் தோட்டத்து ஒழுங்கு தெரியாது. ரோட்டில் தனியாக வந்த ஒரு பெண், மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கை இழுத்துக் கையில் பிடித்தபடி கானில் இறங்கிக் கண்ணைத் தாழ்த்தினாள். காதுதான் அவர்களைக் கானில் இறக்கியது. இறங்கிய பிறகே கண் பார்த்தது. பார்த்ததும் ஒருவர் சிரித்தார், ஒருவர் துப்பினார். அந்தப் பெண், என் முகம் தெரிந்ததும், "அடச்சீ, கிளாக்கரய்யா மகனா" என்று சொல்லிவிட்டுச் சேற்றிலிருந்து காலை உருவினாள்.

சிரிப்பும் எச்சிலும் எனக்குப் பின்னால் நடந்தவை. எனக்கு முன்னால் நடந்தது மட்டும்தான் எனக்கு வேண்டும். ஆட்கள் இறங்கினார்கள். எனக்காக இறங்கினார்கள். ஸ்டியரிங்கில் என் வலது கை, என்னைக் கேட்காமல், இரண்டு விரலை அரை அங்குலம் உயர்த்தியது.

கூட்டாளி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். "கைக்கு என்னா வந்திச்சு?" என்று கேட்டான். நான் ஏதோ இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த முடக்கில் நிறுத்தச் சொன்னான். பிரேக் பிடிக்க ஐம்பது கஜ தூரம் ஆனது. இறங்கிக் காற்சட்டையில் இருந்த தேயிலைச் சாயத்தைப் பார்த்துக்கொண்டு, "நீ சலாம் வாங்கு. நான் பஸ்ஸுல போறேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வரவில்லை. என் நிம்மதி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை போனேன், வியாழக்கிழமை போனேன். தொழிற்சாலையை ஒட்டிய அலுவலகத்தில் இயந்திர இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது, அப்பா அங்கிருந்து வருவதற்குள் திரும்பிவிடுவேன். பெரிய ஐயாவிடம் அவர் மகனைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை என்பதைத் தெரிந்தே போனேன். அந்தத் தைரியமின்மையும் எனக்கு ஒரு மாதிரிச் சலாமாகத்தான் பட்டது. சனங்கள் விவரமானவர்கள், இரண்டாம் நாளே பாதிப் பேர் இறங்குவதை விட்டார்கள். ஆனால் மலையில் மூடுபனி இறங்கினால் ரோட்டில் பத்து கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. பனியில் காதைத்தானே நம்ப வேண்டும். ஆகவே நான் பனிக்காகக் காத்திருந்து போகத் தொடங்கினேன். வேட்டைக்காரன் புத்திதான், மிருகம்தான் கொஞ்சம் மட்டம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நல்ல பனி. மழையும் தூறியது. அலுவலகத்துக்கு மேலே உள்ள ஏற்றத்தில் முதல் கியரில், நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்குள் யாரோ ஒருவர் கானில் இறங்கி நிற்பது தெரிந்தது. முதலில் குடை, மடக்கியிருந்தது. பிறகு கோட்டு. கக்கத்தில் தொப்பி. மழையில் பளபளக்கும் வழுக்கைத் தலை. கண் கீழே, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் விரல்கள் அதற்குள் உயர்ந்துவிட்டன.

வழக்கப்படி அவர் முகத்தைத் தூக்கவில்லை. அதனால் முதலில் என் முன்சக்கரத்தைப் பார்த்திருப்பார். பிறகு பச்சையைப் பார்த்திருப்பார். பிறகு இடது கதவில் தெரிந்த முத்திரையை. அந்தப் பெட்டிகளுக்கு நாளெல்லாம் ரசீது எழுதியவர் அவர்தான். அதை வாசித்த பிறகுதான் நிமிர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், மூன்றடி தூரத்தில், கார் கடந்து போகிற அளவு நேரம். அது ஏற்றம், நேரம் அதிகமாகவே எடுத்தது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் மறுபடி கிளம்பாது. முப்பது வருடமாக இந்தக் காரணத்தைத்தான் சொல்லி வருகிறேன்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். குடையை விரித்துக் காயவைத்தார். சேறான சப்பாத்தைத் தானே கழுவினார். அம்மா சப்பாத்தைப் பார்த்துவிட்டு, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கு அந்த சைலென்சரப் பூட்டிரு."

"ஏன், என்னா செஞ்சிச்சு?" என்றார் அம்மா.

"காது வலிக்குது."

அடி விழுந்திருந்தால் இன்றைக்கு இதை ஒரு வீரக்கதையாக எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் வேலிக்குக் கீழே தேடினேன். சைலென்சர் இல்லை. விசாரித்ததில், லயத்தில் ஒரு வீட்டுக்கு அது போயிருந்தது. போய்ப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை கொங்காணியோடு கானில் இறங்கிய அதே பெண். சைலென்சரின் இரண்டு முனையையும் வெட்டி, உள்ளே இருந்ததை உருவி, அடுப்புக்கு மேலே சுவர் ஓட்டையில் புகைக்குழாயாகச் சொருகியிருந்தாள். அந்தத் தோட்டத்தில் அந்தச் சாமானை உருப்படியாக உபயோகித்த ஒரே ஆள் அவள்தான். அதைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"ரெண்டு நாளாத்தான் புள்ளைங்க இருமாமத் தூங்குதுங்க" என்றாள். "அதையும் கேக்க வந்துட்டீங்களாக்கும்."

எங்கள் அப்பா கேட்கிறார் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் எதற்காக என்று சொல்லவில்லை. அவள் ஒரு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, சூட்டோடு சூடாக அதை உருவித் தரையில் போட்டாள். "எடுத்துட்டுப் போங்க, தொரை" என்றாள். என்னை ஒருவர் துரை என்று அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே ஒன்றும் இல்லாத அந்தக் குழாயில் தேங்காய் நாரும் கந்தலும் திணித்துக் கம்பியால் கட்டினேன். மாலையில் கிளப்பினேன். சத்தம் செத்துப்போயிருந்தது, கரிப்புகை மட்டும் வந்தது. காரை எங்கே கொண்டுபோகிறேன் என்று எனக்கே தெரியாமல் ரோட்டுக்கு ஏறினேன். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பும் பெண்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் வருவது யாருக்கும் கேட்கவில்லை. ஹோர்ன் ரப்பர் வெடித்துப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, கொஞ்சம் ஒதுங்கும்படி கேட்டேன்.

கூட்டத்தில் அந்தப் பெண்ணும் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க நாளு பூரா நின்னுட்டு வாறோம், சின்னையா" என்றாள். "கான் அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்கு. நீங்க எறங்குங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். அது தன் வழக்கப்படி யோசித்தது. பெண்களின் முதுகில் மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடது சக்கரங்கள் இரண்டும் கானில் இறங்கின. காரை நான் அவ்வளவு தாழ்த்தியிருந்ததால் வயிறு மண்ணில் படிந்து, தன் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. தூக்கிவிடட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர்கள் போனார்கள்.

தூறல் விழத் தொடங்கியது. எஞ்சின் கரியைக் கக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கை ஊறத் தொடங்கியதை உணர்ந்தேன்.

அலுவலகப் பக்கமிருந்து அப்பா வந்தார். ரோட்டின் நடுவில் நடந்து வந்தார். குடை விரிந்திருந்தது. என் பக்கத்துக்கு வந்ததும் நின்று, சரிந்து கிடந்த காரையும் அதற்குள் சரிந்து கிடந்த என்னையும், புதிதாக வந்த ஒரு பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எஞ்சின நிப்பாட்டு" என்றார். "பெற்றோல் வீணாப் போகுது."

நிறுத்தினேன். அவர் குடையை மடக்காமல் நடந்து போனார்.